மூன்றாவது திரை ஏன் எரியவில்லை?

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, "ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "மெஸ்ஸைப் பற்றி ஏற்கெனவே ஏழு பேர் எழுதிவிட்டார்கள். நீங்கள் எலக்ட்ரானிக்ஸ்காரர், உங்கள் துறையில் ஏதாவது எழுதுங்கள்" என்று பதில் வந்தது. ஆகவே, ஒரே கணிப்பொறியில் இரண்டு மூன்று மானிட்டர்களை மாட்டி வேலை செய்யும் வழக்கம் எப்படி வந்தது என்ற சரித்திரத்தை எழுத முன்வந்தேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சரித்திரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல், நம் செட்டைச் சேர்ந்த ஒருவனின் பணத்தை நான் கிட்டத்தட்ட வீணாக்கினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 ஆகஸ்ட் மாதம். ஊரடங்கு முழுதாக விலகாத நேரம். என் ஹாஸ்டல் அறைத் தோழன், சிவில் படித்தவன், சென்னையில் பார்த்துவந்த வேலை போய், மனைவி குழந்தையோடு சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தான். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடங்கள் போட்டுக் கொடுப்பதென்று முடிவு. முதல் ஆர்டரும் கைக்கு வந்துவிட்டது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் புரட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்தான்.

"மாப்ள, நீதான்டா எலக்ட்ரானிக்ஸ். நடுவுல போடுற படம், ஒரு பக்கம் பழைய படம், இன்னொரு பக்கம் அளவு, கணக்கு. மூணு ஸ்கிரீன் வேணும். எதை வாங்கணும்னு சொல்லு, கண்ணை மூடிட்டு வாங்கிடறேன்."

நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்தே நிமிடத்தில் பட்டியல் அனுப்பினேன். நடுவில் வைக்க 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்று. இரு பக்கமும் வைக்கச் சாதாரண 24 அங்குல மானிட்டர் இரண்டு. புதிய கிராபிக்ஸ் கார்டு விலை அதிகம் என்பதால், நான்கு போர்ட் கொண்ட செகண்ட்ஹேண்ட் கார்டு ஒன்று. "நாலு போர்ட் இருக்கு, மூணு ஸ்கிரீன் தாராளமா ஓடும்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன்.

எல்லாம் வந்து சேர்ந்த அன்று மாலை மறுபடியும் போன். "மாப்ள, ரெண்டுதான் எரியுது. மூணாவது 'சிக்னல் இல்லை'ங்குது. நடுவுல மவுஸ் மாட்டு வண்டி மாதிரி நகருது. பெரிய ஸ்கிரீன்லேர்ந்து பக்கத்து ஸ்கிரீனுக்கு எதையாவது இழுத்தா ஊதிப் பெருசாகுது. அதெல்லாம் போகட்டும், மேஜை பத்தலடா!"

நான்கு புகார். கடைக்காரர் மேலோ, கார்டு செய்தவர் மேலோ ஒரு தவறும் இல்லை. நான்கும் என் தவறுகள். அவற்றின் காரணங்களைத் தேடிக்கொண்டு போனபோதுதான், நாற்பது வருஷத்துச் சரித்திரம் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது.

ஒரே தெருவில் இரண்டு கதவு எண்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.சி.யை வெளியிட்டபோது, திரைக்கென்று இரண்டு வகைக் கார்டுகளை விற்றது. ஒன்று மோனோக்ரோம் கார்டு. அதில் எழுத்து மட்டுமே வரும், படம் வராது. ஆனால் எழுத்து பச்சை நிறத்தில், அச்சடித்தது போல் தெளிவாக இருக்கும். மற்றொன்று சி.ஜி.ஏ. என்ற கலர் கார்டு. அதில் படம் வரும், கலர் வரும், எழுத்து மட்டும் சற்று மங்கல். மோனோக்ரோம் கார்டில் இருந்த நினைவகம் 4 கிலோபைட். ஒரு வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரிகளுக்கு அது போதும். கலர் கார்டில் 16 கிலோபைட்.

இந்த இரண்டு கார்டுகளுக்கும் ஐ.பி.எம். பொறியாளர்கள் வெவ்வேறு நினைவக முகவரிகளைக் கொடுத்திருந்தார்கள். ஒரே தெருவில் இரண்டு வீடு, இரண்டு கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரருக்குக் குழப்பமே இல்லை. ஆகவே இரண்டு கார்டுகளையும் ஒரே பெட்டியில் செருகி, இரண்டு மானிட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிந்தது.

இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் வேலைக்காரர்கள்தான். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராமில், பச்சைத் திரையில் கணக்குத் தாளும் கலர் திரையில் அதன் வரைபடமும் ஒரே நேரத்தில் தெரியும்படி வைக்கலாம். ஆட்டோகேட் வைத்திருந்தவர்கள் கட்டளைகளை ஒரு திரையிலும் படத்தை மற்றதிலும் பார்த்தார்கள். புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு திரையில் புரோகிராமை ஓடவிட்டு, மறு திரையில் அதன் பிழைகளைத் தேடினார்கள். என் நண்பன் 2020-ல் கேட்டதும் இதைத்தானே? படம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். ஆசை புதிதல்ல.

தாய்லாந்துக்காரரின் ஆராய்ச்சிக் கட்டுரை

இங்கே ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. கலிபோர்னியாவில் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக் கட்டுரையைத் தம் தாய்மொழியான தாய் எழுத்தில், ஐ.பி.எம். பி.சி.யிலேயே தயாரிக்க விரும்பினார். தாய் எழுத்திலும் நம் எழுத்தைப் போலவே மேலும் கீழும் குறிகள் வரும். மோனோக்ரோம் கார்டில் எழுத்துக்களின் வடிவம் சிப்பிலேயே பதிந்து கிடந்ததால் வேறு மொழிக்கு இடமில்லை. கலர் கார்டிலோ அந்த நுணுக்கத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. மனிதர் சளைக்கவில்லை. மோனோக்ரோம் மானிட்டரிலேயே 720 புள்ளி அகலம், 348 புள்ளி உயரம் என்று ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக ஏற்றி அணைக்கக்கூடிய கார்டை வடிவமைத்தார். 1982-ல் வந்த ஹெர்குலிஸ் கார்டு அதுதான். ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியின் தேவை, உலகெங்கும் விற்ற ஒரு கார்டைப் பிறப்பித்தது. தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்?

இந்தக் கார்டிலும் கதவு எண் பிரச்சினை இருந்தது. அதன் 64 கிலோபைட் நினைவகத்தின் பின்பாதி, கலர் கார்டின் முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் கலர் கார்டும் வேண்டுமென்றால் முன்பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

1987: ஒரு கதவு மூடியது, ஒரு கதவு திறந்தது

1987-ல் ஐ.பி.எம். வி.ஜி.ஏ.வைக் கொண்டுவந்தது. எழுத்தும் தெளிவு, படமும் தெளிவு. நம் லேபில் நாம் பார்த்த அந்த 15 ஊசி நீல பிளக் அப்போது வந்ததுதான். ஆனால் ஒரு வி.ஜி.ஏ. கார்டு இருக்கும் பெட்டியில் இன்னொரு வி.ஜி.ஏ. கார்டைச் செருகினால் இரண்டும் ஒரே கதவு எண்ணைக் கேட்டுச் சண்டை போடும். வி.ஜி.ஏ.வுக்குப் பக்கத்தில் பழைய மோனோக்ரோம் கார்டு ஒன்று வேண்டுமானால் இருக்கலாம். அதற்குமேல் வழியில்லை.

அதே 1987-ல் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ்-2 என்ற இயந்திரத்தை வெளியிட்டது. அதில் கார்டு செருக ஆறு சிலாட். ஒவ்வொரு சிலாட்டுக்கும் தனி முகவரி உண்டு. செருகிய கார்டு தான் யார், என்ன செய்வேன் என்பதைத் தன் சிப்பிலிருந்து தானே அறிவித்துக்கொள்ளும். ஆகவே எந்தச் சண்டையும் இல்லாமல் பல மானிட்டர்களை மாட்ட முடிந்தது. மேஜைமேல் மானிட்டர்கள் எப்படி நிற்கின்றனவோ அப்படியே சிறு கட்டங்களை மவுஸால் இழுத்து வைத்தால் போதும். ஒரு ஜன்னலின் பாதி இந்தத் திரையிலும் மீதி அடுத்த திரையிலும் தெரியும். இன்று நாம் எந்தக் கணிப்பொறியிலும் செய்யும் அந்தக் கட்டம் இழுக்கும் வேலை அங்கேயே வந்துவிட்டது.

பி.சி. உலகம் இதற்குப் பதினோரு வருஷம் காத்திருந்தது. 1992-ல் வந்த பி.சி.ஐ. சிலாட், கணிப்பொறி விழிக்கும்போதே ஒவ்வொரு கார்டுக்கும் முகவரியைப் பிரித்துக் கொடுத்தது. 1998 ஜூன் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் 98, இதைப் பயன்படுத்தி ஒன்பது மானிட்டர் வரை அனுமதித்தது. ஒரு கார்டு மட்டும் பழைய வி.ஜி.ஏ. கதவு எண்ணை வைத்துக்கொள்ளும், மற்றவை விட்டுக்கொடுக்கும். சண்டை தீர்ந்தது.

சட்டம் அனுமதித்தாலும் மேஜை அனுமதிக்க வேண்டுமே! அன்றைய மானிட்டர் கண்ணாடிக் குழாய் வைத்த கனத்த பெட்டி. 17 அங்குலப் பெட்டியைத் தூக்கியவர்களுக்கு இடுப்பு இன்னும் ஞாபகம் வைத்திருக்கும். இரண்டை ஒட்டி வைத்தால் ஒன்றின் காந்தப்புலத்தில் மற்றதன் படம் நெளியும். தட்டைத் திரைகள் விலை இறங்கிய பிறகுதான் வீட்டு மேஜையில் இரண்டாவது திரைக்கு இடம் கிடைத்தது.

தாளக்காரர்கள் எத்தனை பேர்?

முகவரிச் சண்டை முடிந்ததும் அடுத்த சண்டை ஆரம்பமாயிற்று. என் நண்பனின் மூன்றாவது திரையை அணைத்தது இந்த இரண்டாவது சண்டைதான்.

1999-ல் கனடாவின் மேட்ராக்ஸ் நிறுவனம் ஜி400 என்ற கார்டை வெளியிட்டது. ஒரே சிப், இரண்டு திரை, இரண்டிலும் வெவ்வேறு படம். அதுவரை திரைக்கு ஒரு கார்டு என்று இருந்த கணக்கு மாறி, ஒரு கார்டே இரண்டு திரையைத் தாங்கத் தொடங்கியது. 2002-ல் அதே நிறுவனத்தின் பர்ஹீலியா மூன்று திரைகளைத் தாங்கியது.

ஒரு திரைக்குப் படம் அனுப்புவதென்றால் என்ன? 1920-க்கு 1080 புள்ளி கொண்ட திரைக்கு வினாடிக்கு 60 முறை முழுப் படத்தையும் அனுப்ப வேண்டும். வினாடிக்குச் சுமார் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். இந்தப் புள்ளிகளை இம்மி பிசகாத தாளத்தில் அனுப்ப வேண்டும். வி.ஜி.ஏ.வும், 1999-ல் வந்த டி.வி.ஐ.யும், 2002-ல் வந்த எச்.டி.எம்.ஐ.யும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. ஒவ்வொரு திரையும் தனக்கேற்ற தாளத்தைக் கேட்கும். அதைப் போட கார்டுக்குள் திரைக்கு ஒரு தாளக்காரர் வேண்டும். கார்டின் முதுகில் போர்ட் எத்தனை என்பது வேறு, உள்ளே தாளக்காரர் எத்தனை பேர் என்பது வேறு.

2006-ல் வந்த டிஸ்ப்ளே போர்ட் வேறு வழியில் போனது. திரை எதுவானாலும் சரி, குறித்த சில வேகங்களில் ஒன்றில், படத்தைச் சிறு சிறு கட்டுகளாக்கி அனுப்பும். தபால் பை மாதிரி. உள்ளே கடிதம் குறைவோ கூடுதலோ, பஸ் நேரத்துக்குப் புறப்படும். ஆகவே திரைக்குத் திரை தனித் தாளக்காரர் தேவையில்லை.

2009 செப்டம்பரில் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் எச்.டி. 5870 கார்டு 'ஐஃபினிட்டி' என்ற பெயரில் பல திரை வசதியுடன் வந்தது. அதன் சிப்புக்குள் ஆறு படங்களைத் தயாரிக்கும் வசதி இருந்தது. 2010 மார்ச்சில் ஆறு போர்ட்டும் டிஸ்ப்ளே போர்ட்டாகவே அமைந்த கார்டும் வந்தது. ஆனால் பழைய ஜாதிப் போர்ட்டுகளுக்கான தாளக்காரர்கள் இரண்டே பேர். மூன்றாவது திரை வேண்டுமென்றால் அது டிஸ்ப்ளே போர்ட் வழியாகத்தான் போக வேண்டும். இது குறை அல்ல, சிப்பில் இடத்தையும் செலவையும் எண்ணிச் செய்த ஏற்பாடு. என்விடியா பக்கம் 2010-ல் மூன்று திரையில் ஒரே காட்சியை விரிக்க இரண்டு கார்டு தேவைப்பட்டது. 2012 மார்ச்சில் வந்த ஜீஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 680-ல் ஒரே கார்டு நான்கு திரைகளைத் தாங்கியது.

போர்ட்டை எண்ணி ஏமாறுவது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020 நவம்பரில் வந்த எம்-1 சிப் கொண்ட மேக்புக் ஏரில் இரண்டு போர்ட் உண்டு. ஆனால் வெளித் திரை ஒன்றைத்தான் அது தாங்கும்.

நானூறு ரூபாய்க் கேபிள்

இப்போது நண்பனின் மேஜைக்கு வருவோம். நடுத் திரையோடு வந்த கேபிள் எச்.டி.எம்.ஐ. அதையே மாட்டிவிட்டான். 24 அங்குலத் திரைகளில் ஒன்று டி.வி.ஐ.யில். அத்துடன் இரண்டு தாளக்காரர்களும் வேலைக்குப் போயாயிற்று. மீதியிருந்தது டிஸ்ப்ளே போர்ட். மூன்றாவது திரையில் அந்த வகைப் போர்ட் இல்லாததால், நான் சொன்னபடி மலிவான ஒரு அடாப்டரை நடுவில் போட்டிருந்தான். மலிவான அடாப்டர் பிளக்கின் உருவத்தை மட்டும்தான் மாற்றும். சமிக்ஞையை மாற்றாது. கார்டே எச்.டி.எம்.ஐ. சமிக்ஞையை அனுப்ப வேண்டும், அதற்கு மூன்றாவது தாளக்காரர் வேண்டும். ஆள் இல்லை. திரை எரியவில்லை.

மவுஸ் மாட்டு வண்டியானதற்கும் எச்.டி.எம்.ஐ.தான் காரணம். அந்தக் கார்டில் இருந்தது 2009-ம் வருஷத்து 1.4 ரகம். 4கே படத்தை வினாடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 60 தடவை அனுப்ப 2013-ல் வந்த 2.0 ரகம் வேண்டும். ஆனால் அதே கார்டின் டிஸ்ப்ளே போர்ட் 2010-ம் வருஷத்து 1.2 ரகம். அது 4கே படத்தை 60 தடவை அனுப்பவல்லது.

ஆக, செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: நடுத் திரைக்கு ஒரு டிஸ்ப்ளே போர்ட் கேபிள். மற்ற இரண்டும் பழைய ஜாதிப் போர்ட்டுகளில். மூன்றும் எரியும், மவுஸும் ஓடும். கேபிளின் விலை நானூறு ரூபாய்! அவன் ஊர்க் கடைகளில் அது கிடைக்கவில்லை. நான் கூரியரில் அனுப்பினேன். அந்த ஊரடங்கு நாளில் போய்ச் சேர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அவன் இரண்டு திரையோடும் மாட்டு வண்டி மவுஸோடும் ராத்திரி கண் விழித்து முதல் ஆர்டரை முடித்து அனுப்பியிருந்தான். ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "விடுடா மாப்ள, எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி பாக்காததா?" என்றான். கடிந்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மற்ற இரண்டு புகார்களுக்குக் கேபிளில் மருந்தில்லை. 27 அங்குல 4கே திரையில் ஒரு அங்குலத்துக்கு 163 புள்ளி. 24 அங்குலச் சாதாரணத் திரையில் 92 புள்ளி. பெரியதிலிருந்து சிறியதுக்கு இழுத்தால் எதுவும் ஊதித்தான் போகும். 2013-ல் வந்த விண்டோஸ் 8.1 முதல், திரைக்குத் திரை தனி அளவு வைக்க வசதி உண்டு. ஆனால் பழைய புரோகிராம்கள் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. மேஜைக் கணக்கோ ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர், 24 அங்குலத்துக்கு 53. மூன்றும் சேர்ந்தால் 166. அவனுடைய நான்கடி மேஜை 122. இதை நான் அவனிடம் கேட்கக்கூட இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

நம் செட்டில் பலர் இப்போது வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். அடிக்கடி என்னிடம் இதைக் கேட்கிறார்கள். சரித்திரம் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மேஜையை அளக்க வேண்டும். பிறகு மானிட்டர். கடைசியில்தான் கார்டு. நான் செய்தது நேர் எதிர். மானிட்டர்கள் முடிந்தவரை ஒரே அளவு, ஒரே புள்ளி அடர்த்தியாக இருக்கட்டும். 27 அங்குலத்தில் 2560-க்கு 1440 என்றால் அங்குலத்துக்கு 109 புள்ளி. எழுத்தை ஊதாமல் அப்படியே படிக்கலாம். அப்படி இரண்டு வாங்கினால் நான்கடி மேஜையில் சரியாக உட்காரும்.

கார்டின் விவரத் தாளில் போர்ட் எத்தனை என்று பார்ப்பதோடு நிற்காமல், 'ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை திரை' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அப்புறம் எந்தெந்தப் போர்ட், எந்த ரகம் என்று பாருங்கள். செகண்ட்ஹேண்ட் கார்டு என்றால் இரண்டு முறை பாருங்கள். திரைக்கும் கார்டுக்கும் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அடாப்டர் தவிர்க்க முடியாது என்றால், உள்ளே சிப் வைத்து சமிக்ஞையை மாற்றும் 'ஆக்டிவ்' ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

எழுத்து, கணக்கு, சாதாரண வரைபடம் இவற்றுக்குத் தனிக் கார்டே தேவைப்படாமல் போகலாம். இன்டெலின் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் 2012 முதலே மூன்று திரைகளைத் தாங்குகிறது. 12-ம் தலைமுறை டெஸ்க்டாப் ரகங்களில் அது நான்காயிற்று. மதர்போர்டில் அத்தனை போர்ட் இருக்கிறதா, பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' எழுத்து இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 'இத்தனை ஜிகாபைட் மெமரி' என்று கடையில் சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம். ஒரு சாதாரணத் திரையின் முழுப் படத்தையும் வைத்துக்கொள்ள சுமார் 8 மெகாபைட் போதும். பெரிய மெமரியைக் கேட்பவை விளையாட்டும் முப்பரிமாணப் படமும்தான்.

நண்பனின் மேஜை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கேபிள் போய்ச் சேர்ந்த அன்று மூன்று திரையும் எரிந்தன. ஆனால் நான்கடி மேஜையில் மூன்றாவதுக்கு இடமில்லாமல் நாற்காலிமேல் நின்றது. ஒரு வாரம் பொறுத்துவிட்டு அவனே ஒரு வழி செய்தான். பெரிய திரை நடுவில். 24 அங்குலம் ஒன்று பக்கத்தில், நெட்டுக்குத்தாக. அதில் அளவுப் பட்டியல் நீளமாகத் தெரிகிறது. அகலமும் 30 சென்டிமீட்டரோடு முடிந்துவிட்டது. மூன்றாவது திரை, மகளின் ஆன்லைன் வகுப்புக்காக உள் அறைக்குப் போயிற்று. சங்கிலி மறு வருஷம் தைக்கு முன்பே மீண்டு வந்தது. இன்று அவனிடம் இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு மானிட்டர் வாங்கியபோது என்னைக் கேட்கவில்லை. தானே மேஜையை அளந்து, தானே வாங்கினான்.

நம் சந்திப்புக்கு அவனும் வருகிறான். அந்தக் கேபிளுக்குப் பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லி இன்னமும் நச்சரிக்கிறான். அதை மெஸ் கணக்கில் சேர்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். மற்றவை நேரில்.